காகித ஆலையின் துர்நாற்றம் நறுமணமாவது எப்படி?

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் வழியாக நடந்தால் மூக்குக்கு ஓய்வே இருக்காது. மல்லிகைச் சரம், ஊதுபத்தி, சாம்பிராணி, சூடம் என்று ஒவ்வொரு கடையும் ஒரு வாசம் வீசும். மளிகைக் கடைக்குள் நுழைந்தால் சோப்பு, தரை துடைக்கும் திரவம், தலைவலித் தைலம் என்று இன்னும் பல.

மல்லிகை செடியில் பூத்தது. அதில் மர்மம் இல்லை. ஆனால் தட்டில் ஏற்றும் சூடம், தரைத் திரவத்தின் பைன் வாசம், சோப்பில் வரும் லாவண்டர், ரோஜா வாசங்களில் ஒரு பகுதி ஆகியவை ஒரே மூலப்பொருளிலிருந்து கிடைக்கின்றன. அதுதான் டர்பன்டைன். சாயம் கலக்கவும் தூரிகை கழுவவும் சாயக்காரர்கள் பயன்படுத்திய அதே எண்ணெய். தமிழில் அதைக் கற்பூரத் தைலம் என்றும் சொல்வதுண்டு. அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது பின்னால் தெரியும்.

உலகில் கிடைக்கும் டர்பன்டைனில் பெரும்பங்கு காகிதக் கூழ் ஆலைகளின் துணைப்பொருள். ஆலையிலிருந்து வெளிவரும்போது அது அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். காரணம், அதில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள். அவற்றை நீக்காவிட்டால் அந்த எண்ணெய் கொதிகலனில் எரிக்கத்தான் உதவும். நீக்கிவிட்டால் வாசனைத் திரவியமாகவும் உணவுச் சுவையூட்டியாகவும் மாறலாம்.

பால்வெட்டு போலவே பிசின்வெட்டு

டர்பன்டைன் கிடைக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. முதல் வழி, தோட்டப்புறத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு உடனே விளங்கும். பைன் மரத்தின் பட்டையைக் கீறிக் கிண்ணம் கட்டினால் பிசின் வடியும். அதைச் சேகரித்து, காய்ச்சி வடித்தால் ஆவியாகி வருவது டர்பன்டைன். அடியில் தங்கும் கெட்டிப் பொருள் ரோசின்.

நமக்கு அருகிலேயே இது நடக்கிறது. சுமத்ரா, ஜாவா தீவுகளில் மெர்குசி பைன் மரங்களில் பிசின் எடுக்கிறார்கள். ஜாவாவில் இந்தோனீசிய அரசின் வன நிறுவனமான பெருஹுத்தானி இந்தத் தொழிலை நடத்துகிறது. இமயமலை அடிவாரத்தில் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் மாநிலங்களில் சிர் பைன் மரங்களிலும் இதே வேலை நடக்கிறது. இப்படி எடுக்கும் டர்பன்டைனில் கந்தகத் தொல்லை இல்லை. ஆனால் மரம் மரமாக ஆள் போய் வெட்ட வேண்டும். கூலிச் செலவு அதிகம்.

இரண்டாவது வழி காகிதக் கூழ் ஆலை. 1879ல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் டால் கண்டுபிடித்த ‘கிராஃப்ட்’ முறையில்தான் இன்று உலகின் பெரும்பாலான மரக்கூழ் தயாராகிறது. மரத்துண்டுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியசில் அழுத்தத்தில் வேக வைப்பார்கள். பைன் மரமாக இருந்தால், அதற்குள் இருக்கும் டர்பன்டைன் நீராவியோடு வெளியேறும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதற்குக் கச்சா சல்ஃபேட் டர்பன்டைன் என்று பெயர்.

இதற்காகத் தனியே மரம் வெட்ட வேண்டியதில்லை. காகிதத்துக்காக வெந்த மரத்திலிருந்து இலவச இணைப்பாகக் கிடைப்பது இது. ஆனால் வேக வைத்த கரைசலில் கந்தகம் இருந்ததால், மெத்தில் மெர்காப்டன், டைமெத்தில் சல்ஃபைடு, டைமெத்தில் டைசல்ஃபைடு போன்ற நாற்றச் சேர்மங்களும் எண்ணெயோடு சேர்ந்தே வரும்.

பெருங்காய டப்பாவின் பாடம்

சிறிதளவு கந்தகத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. பெருங்காயம், பூண்டு, வெங்காயம் மூன்றின் வாசத்துக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். டுரியான் பழத்தை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்று தடை விதிக்க வைத்த வாசத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு. பெருங்காயம் தீர்ந்த பிறகும் டப்பா மணக்கும். அந்த டப்பாவில் தேயிலையைப் போட்டு வைத்தால் தேநீர் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சமையல் வாயு இன்னொரு சான்று. எல்பிஜி வாயுவுக்கு இயல்பாகவே கசிவை உணர்த்தும் அளவு வாசம் கிடையாது. கசிந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் வகைச் சேர்மத்தை வேண்டுமென்றே மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றில் பில்லியனில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வாயுவில் உயிர் காக்கும் அந்தக் குணமே வாசனைத் திரவியத்தில் பெருங்குறையாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. டர்பன்டைனை நறுமணப் பொருளாக மாற்றும் பல படிகளில் பலேடியம், நிக்கல் போன்ற உலோக வினையூக்கிகள் தேவை. கந்தகம் அந்த உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். விலையுயர்ந்த வினையூக்கி வீணாகும். ஆகவே மூக்குக்குத் தெரியாத அளவு கந்தகம்கூட ஆலைக்குச் செலவுதான்.

எப்படி நீக்குகிறார்கள்?

முதல் படி காய்ச்சி வடித்தல். ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு வெப்பநிலையில் கொதிக்கும் என்பதே இதன் அடிப்படை. மெத்தில் மெர்காப்டன் 6 டிகிரி செல்சியசிலும், டைமெத்தில் சல்ஃபைடு 37 டிகிரியிலும், டைமெத்தில் டைசல்ஃபைடு 110 டிகிரியிலும் கொதிக்கின்றன. டர்பன்டைனின் முக்கியப் பொருளான ஆல்ஃபா பினீன் கொதிப்பது ஏறத்தாழ 156 டிகிரியில். பீட்டா பினீன் 166 டிகிரியில். ஆகவே உயரமான வடிகோபுரத்தில் சூடாக்கினால் இலேசான கந்தகச் சேர்மங்கள் முதலில் பிரிந்துவிடும்.

ஆனால் எல்லாம் போவதில்லை. டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற சேர்மம் 165 முதல் 170 டிகிரி வரையில் கொதிக்கும். பீட்டா பினீனும் அதுவும் ஒன்றாகவே மேலே வரும். இங்கேதான் வெறும் காய்ச்சி வடித்தல் தோற்றுப்போகிறது.

இரண்டாவது படி வேதியியல் கழுவல். மெர்காப்டன்கள் அமிலத்தன்மை கொண்டவை என்பதால் காரக் கரைசலில் கழுவினால் கரைந்து வெளியேறும். மற்ற சல்ஃபைடுகளுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் பயன்படும். இது வீட்டில் துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் அதே பொருள். அது கந்தகச் சேர்மத்தோடு ஆக்சிஜனைச் சேர்த்துவிடும். ஆக்சிஜன் சேர்ந்ததும் அந்தச் சேர்மத்தின் கொதிநிலை ஏறும், நீரில் கரையும் தன்மை கூடும். நீரில் அலசலாம், மீதியை மறுபடி காய்ச்சும்போது அடியில் தங்க வைக்கலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. குளோரின் சில நேரங்களில் பினீனோடும் சேர்ந்து வேண்டாத பொருள்களை உண்டாக்கும். கழிவுநீரையும் சுத்திகரிக்க வேண்டும். அதனால் பிளீச்சுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தும் முறைகளும் உருவாகியுள்ளன.

மூன்றாவது படி உறிஞ்சல். குடிநீர் வடிகட்டியில் இருப்பது போன்ற கிளர்வூட்டிய கரியின் ஊடாக எண்ணெயைச் செலுத்தினால் மிச்சமிருக்கும் கந்தகத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். இப்படிப் பல படிகளைச் சேர்த்துச் செய்து, ஆயிரக்கணக்கான பங்கு இருந்த கந்தகத்தை மில்லியனில் ஒருசில பங்கு அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசியில் ஆய்வுக் கருவியோடு பயிற்சி பெற்ற மனித மூக்கும் சோதிக்கும்.

ஜூரோங் தீவு முறை ஏன் பொருந்தாது?

ஜூரோங் தீவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். பெட்ரோல், டீசலில் உள்ள கந்தகத்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரஜனைச் செலுத்தி நீக்குகின்றனவே, அதையே இங்கும் செய்தால் என்ன?

டீசல் எரிந்து போகும் பொருள். அதன் மூலக்கூறு கொஞ்சம் மாறினால் நட்டமில்லை. பினீன் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்பும் இறுக்கமான வளையமும்தான் அதன் முதலீடு. கடும் வெப்பத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் கந்தகம் போகும், ஆனால் இரட்டைப் பிணைப்பும் நிரம்பிவிடும், வளையமும் உடையலாம். அழுக்குப் போக அடித்துத் துவைத்ததில் பட்டுப்புடவையே கிழிந்த கதையாகிவிடும். அதனால்தான் பொறுமையான வழிகள் தேவைப்படுகின்றன.

சுத்தமான பிறகு

கந்தகம் நீங்கிய பினீனிலிருந்து ஒரு பெரிய குடும்பமே பிறக்கிறது. ஆல்ஃபா பினீனை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பின் சில படிகள் கடந்தால் லினலூல் கிடைக்கும். லாவண்டர் வாசத்தின் முக்கியப் பொருள் அது. பீட்டா பினீனைக் கடும் வெப்பத்தில் உடைத்தால் மிர்சீன். அதிலிருந்து ரோஜா வாசம் தரும் ஜெரானியால், எலுமிச்சை வாசம் தரும் சிட்ரால் ஆகியவற்றைத் தயாரிக்கலாம். மிர்சீனிலிருந்து மென்தாலும் வரும். ஜப்பானின் தக்காசாகோ நிறுவனம் 1980களில் தொழில்முறைக்குக் கொண்டுவந்த அந்த வழிக்கு அடித்தளமிட்ட ரியோஜி நொயோரிக்கு 2001ல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சிங்கப்பூர் இந்தத் தொழிலின் ஆசிய மையங்களில் ஒன்று. உட்லண்ட்சில் ஜிவாடான், துவாசில் டிஎஸ்எம்-ஃபிர்மெனிக், பாண்டான் லூப்பில் சிம்ரைஸ் என உலகின் பெரிய நறுமண, சுவையூட்டி நிறுவனங்கள் இங்கே இயங்குகின்றன. சிம்ரைஸ் 2016ல் அமெரிக்காவின் பினோவா குழுமத்தை வாங்கியது டர்பன்டைன் சார்ந்த மூலப்பொருள்களுக்காகவே. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் மகாட் நகரில் பிரிவி நிறுவனம் வெளிநாட்டுக் காகித ஆலைகளின் கச்சா சல்ஃபேட் டர்பன்டைனை வாங்கிச் சுத்திகரித்து நறுமணப் பொருள்களாக ஏற்றுமதி செய்கிறது.

இனி சூடம். காஞ்சிபுரத்தில் 1992ல் தொடங்கப்பட்ட காஞ்சி கற்பூரம் போன்ற ஆலைகள் ஆல்ஃபா பினீனைக் கேம்ஃபீனாக்கி, அதிலிருந்து ஐசோபோர்னியால் தயாரித்து, கடைசியில் கற்பூரமாக மாற்றுகின்றன. டர்பன்டைனுக்குத் தமிழில் கற்பூரத் தைலம் என்ற பெயர் இருப்பது வேதியியலோடு அழகாகப் பொருந்திப்போகிறது.

‘இயற்கை’ என்ற சொல்

டர்பன்டைனிலிருந்து வந்த நறுமணம் மரத்திலிருந்து வந்ததுதான், பெட்ரோலியத்திலிருந்து அல்ல. கரிமம்-14 சோதனை செய்தாலும் அண்மையில் வாழ்ந்த தாவரம் என்றே காட்டும். ஆனாலும் பல வேதிப்படிகளைக் கடந்த அந்த லினலூலை லாவண்டர் பூவிலிருந்து எடுத்த எண்ணெயோடு ஒன்றாக வைக்க முடியாது. தாவர மூலம் என்பதும் இயற்கைச் சுவையூட்டி என்பதும் ஒன்றல்ல. கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

செயற்கை என்றாலே கெடுதல் என்றும் எண்ண வேண்டாம். பூவில் இருக்கும் லினலூலும் ஆலையில் செய்த லினலூலும் ஒரே மூலக்கூறு. கேள்வி அதன் தூய்மை பற்றியது. கந்தகமும் எப்போதும் எதிரியல்ல. வேகவைத்த சோளத்தின் மணத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு ஒரு காரணம். எது, எங்கே, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சுவையூட்டியின் மூலப்பொருள் என்பதால் டர்பன்டைன் உண்ணத்தக்கது ஆகிவிடாது. வன்பொருள் கடையில் விற்கும் டர்பன்டைன் நச்சு. சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் அது மருந்து என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் குறிப்புகளை நம்ப வேண்டாம். விழுங்கினால் நுரையீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம்.

பூசைச் சூடத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்க்க மிட்டாய் போலிருக்கும் ஒரு சிறு கட்டி, குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கப் போதும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 995ஐ அழையுங்கள். சர்க்கரைப் பொங்கலுக்குச் சூடத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உணவுக்கு என்று குறிப்பிட்டு விற்கும் பச்சைக் கற்பூரமும் மிக மிகச் சிறிதளவே சேர்க்க வேண்டும்.

தோலில் அரிப்பு, தடிப்பு அடிக்கடி வருபவர்கள் சோப்பு, களிம்பு உறைகளில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரால் ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என்பதால் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இவற்றின் பெயரை உறையில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் விதி கொண்டுவந்தது. மருத்துவரிடம் போகும்போது அந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய அது அவருக்கு உதவும்.