உங்களுக்குத் தெரியுமா? மயக்கம் கொடுக்கும் முன் நாக்கை நீட்டச் சொல்வது ஏன்?

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார். ‘ஆ’ என்று குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அண்ணம் மேலெழும்பி, கணக்கு தப்பிவிடும். அவர் முக்கியமாகத் தேடுவது உள்நாக்கை. அது முழுதாகத் தெரிந்தால் முதல் வகுப்பு. அண்ணத்தின் கடினமான முன்பகுதி மட்டுமே தெரிந்தால் நான்காம் வகுப்பு. அப்படியானால், மயக்கத்தில் மூச்சுக்காக மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்துவது சிரமமாகலாம்.

ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி, 210 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1985-இல் வெளியிட்டார். அவர் வகுத்தவை மூன்று வகுப்புகள்தான். நான்காவதை 1987-இல் சாம்சூன், யங் என்ற இருவர் சேர்த்தனர்.

பத்து விநாடிச் சோதனை, செலவும் இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பி எந்த மருத்துவரும் இறங்குவதில்லை. தாடை, பல்வரிசை, கழுத்து பின்னால் வளையும் அளவு எல்லாவற்றையும் பார்ப்பார். அப்படியும் தப்பும்! டென்மார்க்கில் சுமார் 1,88,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், குழாய் செலுத்தக் கடினமாக இருந்தவர்களில் 93 சதவீதம் பேரை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்கவில்லை.

அதனால்தான் மயக்க மருந்துக்கு முன்பே முகமூடி வழியே தூய ஆக்சிஜன் தருகிறார்கள். நுரையீரல் அதனால் நிரம்பியிருந்தால், மூச்சு நின்றபின்னும் ஆரோக்கியமான ஒருவருக்குச் சில நிமிட அவகாசம் கிடைக்கும். உடல் பருத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த அவகாசம் குறைவு.