கொள்கலன் அடிப்படைப் படிமம் (சமூக நிறுவன லினக்ஸ்)

கொள்கலன் அடிப்படைப் படிமம் என்பது, ஒரு மென்பொருளை அதற்குத் தேவையான நிரலகங்களுடன் சேர்த்துப் பொதியும்போது அப்பொதியின் அடித்தளமாக அமையும் இயங்குதளக் கோப்புகளின் தொகுப்பு ஆகும். கருனி இதில் இடம்பெறாது. கொள்கலன் எந்தக் கணினியில் இயங்குகிறதோ அக்கணினியின் கருனியையே அது பயன்படுத்திக்கொள்ளும். சென்ட்ஓஎஸ், ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவை ரெட் ஹாட் நிறுவன லினக்ஸை ஒட்டிச் சமூகத்தினரால் உருவாக்கப்பட்ட வழங்கல்கள். இவற்றின் படிமங்களே இங்கு விளக்கப்படுகின்றன.

தேவை

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 838 டெராஃபிளாப்ஸ் திறன் கொண்ட 'பரம் பொருள்' மீத்திறன் கணினி தொடங்கி வைக்கப்பட்டது. பலர் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய கணினிகளில் பயனருக்கு நிர்வாகி உரிமை வழங்கப்படுவது வழக்கமில்லை. எனவே ஆய்வு மாணவர் ஒருவர் தமக்கு வேண்டிய நிரலகத்தை அதில் தம் விருப்பப்படி நிறுவ இயலாது. அதைத் தம் மடிக்கணினியிலேயே கொள்கலனாகக் கட்டிக் கொண்டுசெல்வது ஒரு தீர்வாகும். டாக்கர் (2013) இம்முறையைப் பரவலாக்கியது. நிர்வாகி உரிமையின்றி இயங்கும் சிங்குலாரிட்டி மீத்திறன் கணினிகளுக்கென 2015இல் உருவாக்கப்பட்டது. 2021இல் லினக்ஸ் அறக்கட்டளையில் இணைந்தபோது ஆப்டெய்னர் எனப் பெயர் மாறியது.

அமைப்பு

படிமம் அடுக்குகளால் ஆனது. திருவரங்கம் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளை இதற்கு ஒப்பிடலாம். சித்திரை வீதியில் புதிதாக ஒரு வீடு கட்டினால் உட்சுற்று மதில் மாறுவதில்லை. அவ்வாறே மேலடுக்கில் சேர்க்கப்படும் எதுவும் கீழடுக்கை மாற்றாது. மேலடுக்கில் ஒரு கோப்பை நீக்கினாலும் அது மறைக்கப்படுமே தவிர, கீழடுக்கில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை ஓர் அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த அடுக்கில் அழிப்போர் மறந்துவிடும் உண்மை இது.

இதன் மற்றொரு விளைவு: அடிப்படைப் படிமத்தில் உள்ள பாதுகாப்புக் குறை, அதன்மேல் கட்டப்பட்ட ஒவ்வொரு கொள்கலனுக்கும் வந்து சேரும். அடிப்படைப் படிமம் பின்னர் திருத்தப்பட்டாலும், முன்பு கட்டியவை தாமாகத் திருந்தா. மீண்டும் கட்டப்பட வேண்டும்.

முழுப் படிமத்தில் டிஎன்எஃப் என்னும் பொதி மேலாளர் இருக்கும். சிறு படிமத்தில் அதன் சுருங்கிய வடிவமான மைக்ரோடிஎன்எஃப் இருக்கும். அல்மா லினக்ஸ் வழங்கும் நுண் படிமத்தில் பொதி மேலாளரே கிடையாது.

சென்ட்ஓஎஸ் முடிவும் அதன் விளைவும்

2004இல் தோன்றிய சென்ட்ஓஎஸ் திட்டத்தை 2014இல் ரெட் ஹாட் தன்னுடன் இணைத்துக்கொண்டது. சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு கிடைக்கும் எனப் பயனர் நம்பியிருந்தனர். ஆனால் அது 2021 திசம்பர் 31 அன்றே முடிவுறும் என 2020 திசம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டது. சென்ட்ஓஎஸ் 7 பதிப்பின் ஆதரவு 2024 சூன் 30 அன்று முடிந்தது. இன்று சென்ட்ஓஎஸ் பெயரில் தொடர்வது, நிறுவன லினக்ஸின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோடியாக வரும் 'சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்' மட்டுமே.

டாக்கர் களஞ்சியத்தில் 'சென்ட்ஓஎஸ்' படிமத்தின் 'லேட்டஸ்ட்' என்னும் குறிச்சொல் எட்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. பழைய பாடக் குறிப்பைப் பார்த்துப் படிமம் கட்டும் மாணவருக்கு அது தடையின்றிப் பதிவிறங்கும். பொதி நிறுவ முற்படும்போதுதான் பிழை தோன்றும். பொதிகள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டதே காரணம். முகவரியைக் காப்பகத்துக்குத் திருப்பினால் பிழை மறையும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. இத்தீர்வு இணையத்தில் பரவலாகக் கூறப்பட்டாலும் பரிந்துரைக்கத்தக்கதன்று.

மாற்றுகள்

சென்ட்ஓஎஸ், சிங்குலாரிட்டி இரண்டின் தோற்றத்திலும் பங்குடைய கிரகரி குர்ட்சர் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். மறைந்த சென்ட்ஓஎஸ் இணை நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. கிளவுட் லினக்ஸ் நிறுவனம் தொடங்கிய அல்மா லினக்ஸின் முதல் நிலையான வெளியீடு 2021 மார்ச்சில் வந்தது. 2023 சூனில் ரெட் ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் வெளியிடுவதைச் சுருக்கியபின் இவ்விரண்டின் வழிகளும் பிரிந்தன: ராக்கி முழு ஒப்புமையையே தொடர்ந்து நாடுகிறது, அல்மா, மென்பொருள்கள் மாற்றமின்றி இயங்கும் இணக்கம் போதும் என முடிவு செய்தது.

பழைய கணினிகள் உள்ள ஆய்வுக்கூடங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் பதிப்பு முதல் மிகப் பழைய செயலிகளுக்கு ஆதரவில்லை. அவற்றில் கொள்கலன் தொடங்கும்போதே நின்றுவிடும். ரெட் ஹாட்டின் பத்தாம் பதிப்பு இவ்வரம்பை மேலும் உயர்த்தியது. அல்மா லினக்ஸ் 10 மட்டும் ஒன்பதாம் பதிப்பின் வரம்புக்கேற்ற தனி வெளியீட்டையும் தருகிறது.