துடுப்புக்காலியின் குடலில் பிளாஸ்டிக்கைத் தேடுதல்

5 மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துகள் நுண்பிளாஸ்டிக் எனப்படுகிறது. அவற்றுள் மிகச் சிறியவை, மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைக்கும் மைக்ரோமீட்டர் என்னும் அளவில் சிலவே தேறுபவை, கடலின் ஒற்றைச் செல் பாசிகளின் பருமனை ஒத்திருப்பதால், அப்பாசியை வடித்துண்ணும் விலங்கு மிதவையுயிரிகள் அவற்றையும் விழுங்கிவிடுகின்றன. இவ்வுயிரிகளுள் எண்ணிக்கையில் மிகுந்தது, இறாலுக்கு உறவானதும் மீன் குஞ்சுகளுக்கு இரையாவதுமான துடுப்புக்காலி. ஓரிரு மில்லிமீட்டரே நீளமுள்ள அதன் குடலில் கிடப்பது பிளாஸ்டிக்தான் என்று நிறுவுவதே ஆய்வகத்தின் வேலை.

இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த மாத்யூ கோலும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிரும் சாயமேற்றிய பாலிஸ்டைரீன் மணிகள் 15 வகை மிதவையுயிரிகளுக்குக் கொடுக்கப்பட்டன. உடல் ஒளி புகுமாறு இருப்பதால் விழுங்கிய மணிகள் நுண்ணோக்கியில் பளிச்செனத் தெரிந்தன, 13 வகைகள் அவற்றை உண்டிருந்தன. கால்களுக்கும் உணர்கொம்புகளுக்கும் இடையே ஒட்டியிருந்த மிக நுண்ணிய மணிகளைக் காண்பதற்கு, 1928-இல் சி. வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலின் வழிவந்த ஒரு லேசர் முறை கையாளப்பட்டது. வேதிப் பிணைப்புகளின் அதிர்வையே அது படமாக்குவதால் சாயம் தேவைப்படுவதில்லை.

சாயத்தை முழுதும் நம்புவதற்கில்லை. மணியிலிருந்து கசியும் சாயம் உயிரியின் கொழுப்பில் சேர்ந்து ஒளிருமாயின், குடற்சுவரைக் கடக்காத துகளும் கடந்துவிட்டதாகத் தோன்றும். அளவும் ஐயத்திற்கு இடமளிக்கிறது: 2013 ஆய்வில் துடுப்புக்காலியின் பாசி உண்ணலைக் குறைத்தது மில்லிலிட்டருக்கு 4,000-க்கும் மேற்பட்ட மணிகள் என்ற செறிவு, இது எந்தக் கடலிலும் எதிர்பார்க்க இயலாதது. அதே குழு 2015-இல் மில்லிலிட்டருக்கு 75 மணிகள் என்று குறைத்துச் செய்த சோதனையில், உண்ட பாசிச் செல்களின் எண்ணிக்கை 11 விழுக்காடே குறைந்தது. ஆயினும் உயிரிகள் சிறிய செல்களை நாடியதால் உட்கொண்ட கரிமம் 40 விழுக்காடு சரிந்தது. செல்களை எண்ணுவதோடு நின்றிருந்தால் அச்சரிவு புலப்பட்டிராது.

கடலில் பிடித்த உயிரிகளை ஆராய்வது இதனினும் கடினம், ஏனெனில் அங்கே துகள்கள் ஒளிர்வதில்லை. உடலைக் கரைத்து, கரையாமல் எஞ்சுவதை வடிதாளில் சேர்க்க வேண்டும்; ஆனால் வலிய நைட்ரிக் அமிலம் உயிரித் திசுவோடு நைலானையும் கரைத்துவிடும், அடர் காரமும் சில பிளாஸ்டிக்குகளைச் சிதைக்கும். அதனால் பிளிமத் குழு 2014-இல் புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதியைப் பரிந்துரைத்தது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல், மிதவையுயிரிப் பொருளில் 97 விழுக்காட்டிற்கும் மேல் அது கரைத்தது. விலை கூடுதல் என்பதே அதன் குறை.

பசிபிக் பெருங்கடலின் வடகிழக்குப் பகுதியில் பிடித்த துடுப்புக்காலிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், 34 உயிரிகளுக்கு ஒரு துகள் என்ற கணக்கே கிடைத்தது. இவ்வளவு அரிதான பொருளைத் தேடும்போது ஆய்வாளரின் சட்டையிலிருந்து உதிரும் ஓர் இழைகூட முடிவைத் திரித்துவிடும் என்பதால், பருத்தி மேலங்கி அணிந்து, வடிகட்டிய காற்று வீசும் அறைப்பெட்டிக்குள் வேலை செய்வதோடு, உயிரி எதுவும் இடாத வெற்று மாதிரி ஒன்றையும் அதே படிகள் வழியே நடத்தி, அதில் சேர்ந்த இழைகளைக் கணக்கில் கொள்கின்றனர். எஞ்சியவை சாயமேற்றிய பருத்தியா பாலியெஸ்டரா என்பதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. அகச்சிவப்புக் கதிரை எந்த அலைநீளங்களில் உறிஞ்சுகின்றன என்று பார்த்த பின்னரே அவை பிளாஸ்டிக் பட்டியலில் இடம்பெறுகின்றன.