பாய்லர் நின்ற இடம், கீசர் வந்த இடம்

செப்புப் பாய்லரை எடைக்குப் போட்டுவிட்டு கேஸ் கீசர் வாங்கும் குடும்பங்கள் பல, அதை மாட்டும் இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

புனே நகரின் கஸ்பா பேட் பகுதியில் தாம்பட் ஆளி என்றொரு சந்து இருக்கிறது. செம்பைத் தட்டிப் பாத்திரமாக்கும் கன்னார்களின் இடம். உள்ளே நுழைவதற்கு முன்பே சுத்தியல் சத்தம் காதில் விழும். இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டு வந்த பொருள்களில் ஒன்று, மராத்தியர்கள் 'பம்ப்' என்று சொல்லும் வெந்நீர்க் கலம். (தண்ணீர் இறைக்கும் பம்ப் அல்ல. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு வேறு.) தமிழ்க் குடும்பங்களுக்கு அது பாய்லர்.

பெரிய அண்டா போன்ற செப்பு வயிறு. நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அடியில் சல்லடைத் தட்டு. கரியோ விறகுச் சிராயோ தேங்காய் மட்டையோ போட்டுப் பற்றவைத்தால் தணல் குழாய்க்குள் நின்று எரியும், குழாயைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதிக்கும், புகை மேல் வாய் வழியே போய்விடும். சிலவற்றில் திருகு குழாய் உண்டு. வேறு சிலவற்றில் ஒரு பக்கம் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் ஒரு சொம்பு வெந்நீர் வரும். மின்சாரமும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

புனேயின் பழைய வாடாக்களில் இது கொல்லையிலோ முற்றத்திலோ நின்றது. மும்பையின் சால்களில் ஒற்றை அறைக்கு வெளியே, வராந்தாவில். காரணம் விஞ்ஞானம் அல்ல. புகை கண்ணைக் கரிக்கும், சுவரைக் கருப்பாக்கும். அதனால் வீட்டுக்குள் யாரும் அனுமதிக்கவில்லை. வெந்நீரை வாளியில் சுமந்துகொண்டுதான் குளிக்கப் போக வேண்டும். அந்தப் பத்தடி நடை எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

வாடாக்கள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது கொல்லையும் போனது, பாய்லரும் போனது. அதை வெளியேற்றுவதே ஒரு பாடு. உப்புத் தண்ணீர் ஊர்களில் வருடக்கணக்கில் படிந்த சுண்ணாம்புப் படலம் உள்ளே ஓடுபோல் இறுகி, கலத்தைக் கல்லாகக் கனக்க வைத்திருக்கும். ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய மரப்படிகளில் இரண்டு பேர் சாய்த்து, திருப்பி, கைப்பிடிச் சுவரைச் சுரண்டியபடி இறக்க வேண்டும். கீழே காத்திருக்கும் பழைய சாமான்காரர் செம்புக்கு விலை பேசுவார், சுண்ணாம்புக்கு எடை கழிப்பார். அதிர்ஷ்டம் செய்த பாய்லர்கள் மட்டும் பழம்பொருள் கடைகளுக்குப் போய், பளபளப்பாக்கப்பட்டு, பணக்கார வீட்டு வரவேற்பறையில் பூந்தொட்டியாக உட்கார்ந்திருக்கின்றன.

அதன் இடத்துக்கு வந்தது கேஸ் கீசர். வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. உடனடியாகச் சூடாக்கும் 3 கிலோவாட் மின் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடத்து வயரிங் அதைத் தாங்காது. 2000களின் நடுவில் மகாராஷ்டிரத்தில் மணிக்கணக்கில் மின்வெட்டு. கேஸ் கீசருக்குத் தேவையெல்லாம் ஒரு சிலிண்டரும், பொறி கிளப்ப இரண்டு பாட்டரி செல்களும். குழாயைத் திறந்தால் நீரின் அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும், மூடினால் அணையும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர். அளவோ, ஒரு சின்னச் சூட்கேஸ். புகை இல்லை, கரி இல்லை, சாம்பல் இல்லை. அப்புறம் எதற்கு வெளியே வைக்க வேண்டும்? நேராகக் குளியலறைச் சுவரில், குளிப்பவர் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள்.

தப்பு இங்கேதான் நடந்தது. கண்ணுக்குத் தெரியும் புகைதான் இல்லை. எரிந்த வாயு எங்காவது போயாக வேண்டுமே.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரின் சூட்டை 25 டிகிரி உயர்த்த நிமிடத்துக்குச் சுமார் 16 கிராம் சமையல் வாயு எரிய வேண்டும். அது முழுமையாக எரிய அதைப்போல் 15 மடங்குக்கும் மேலான எடையில் காற்று வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர். 4 அடிக்கு 6 அடிக் குளியலறையில், கூரை 8 அடி உயரம் என்றால், இருக்கும் காற்றே 5,400 லிட்டர்தான். கதவையும் வென்டிலேட்டரையும் அடைத்துக்கொண்டு பத்து நிமிடம் குளித்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுடர் வழியே போய்வந்திருக்கும். பிராணவாயு குறையக் குறையச் சுடர் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு பெருகும். ஒருவர் குளித்து வந்த கையோடு அடுத்தவர் நுழைந்தால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சமையல் வாயுவில் கசிவைக் காட்டிக்கொடுக்கவென்றே நாற்றமடிக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாற்றமில்லை என்றால் ஆபத்தில்லை என்று பழகிய மூக்கு இங்கே ஏமாந்து போகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு. பிறகு கால் துவளும். தாழ்ப்பாள் இரண்டடி தூரத்தில்தான் இருக்கும், கை எட்டாது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி தவறாமல் வருகிறது. 2023 மார்ச்சில், டெல்லியை அடுத்த காஜியாபாத் மாவட்டத்தில், ஹோலி விளையாடிவிட்டுச் சாயம் கழுவப்போன ஒரு தம்பதி குளியலறையில் இறந்து கிடந்தார்கள். சந்தேகம் கேஸ் கீசர் மீது. பிழைத்தவர்கள் கதை வேறு வகை. குளிக்கும்போது மயங்கி விழுந்தால் 'வலிப்பு' என்று முடிவுகட்டி, மாத்திரை சாப்பிட வைக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலைக்கு வெந்நீர் ஊற்றினால் வரும் வலிப்பு என்றே ஒரு நோய் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கைகொடுக்காது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தைப் பிராணவாயு நிறைந்த ரத்தம் என்றே அது படிக்கும். வீட்டில் கேஸ் கீசர் இருப்பதை உறவினர் ஒருவர் சொன்னால்தான் மருத்துவருக்குப் பொறிதட்டும். சிகிச்சை சுத்தப் பிராணவாயு. சாதாரணக் காற்றில் ரத்தத்தில் உள்ள நச்சு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். சுத்தப் பிராணவாயுவில் ஒன்றரை மணிக்குள் குறையும். தப்பியவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம் எட்டிப்பார்ப்பதும் உண்டு.

பழைய பாய்லர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கரித்தணலும் இதே வாயுவைத்தான் கக்குகிறது. வட இந்தியாவில் அங்கீட்டியை உள்ளே வைத்துக் கதவடைத்துத் தூங்கி இறப்பவர்களின் கதையும் இதுதான். பாய்லர் வெளியே நின்றது, அவ்வளவே.

ஆக, கீசர் வாங்குபவர் கடைக்காரரிடம் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பது நல்லது. பால்கனி, துணி துவைக்கும் இடம், காற்றாடும் வெளிச்சுவர், இவற்றில் ஒன்றில் கீசரும் சிலிண்டரும் இருக்கட்டும். சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் அனுப்பினால் போதும். குழாய் இரண்டு மூன்று அடி நீண்டால் முதல் ஒரு சொம்பு ஆறியிருக்கும், அது பெரிய நஷ்டமில்லை. கட்டடத்தின் நடுவே குழாய்கள் இறங்கும் டக்டுக்குள் மாட்டினால், போகும் புகை மாடிவீட்டுக்காரரின் ஜன்னலுக்குத்தான். பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கியிருந்தால் அதுவும் இன்னொரு குளியலறைதான். சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் கருவி இருப்பதாக விற்பனையாளர் சொல்வார். அது சுடரைத்தான் கவனிக்கும், நச்சு வாயுவை அல்ல. உள்ளே மாட்டியாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்பவர்கள், கதவைத் திறந்துவைத்து வாளிகளை நிரப்பி, கீசரை அணைத்து, காற்று மாறிய பிறகே உள்ளே போக வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்குத்தான் கஷ்டம். வெளியே மாட்டச் சுவரில் ஓர் அங்குலத் துளை போட வேண்டும். குழாய்க்காரருக்கு அது அரை நாள் வேலை. பல வீட்டுக்காரர்கள் சுவர் கெட்டுப்போகும் என்று சம்மதிப்பதில்லை. குளியலறைக்குள் ஆணியடிக்க மட்டும் ஆட்சேபணை இல்லை.