ஊருக்குள் ஐந்து, ஆற்றோடு ஐம்பது

கார் வாங்கப் போகிறவரிடம் திருநெல்வேலியில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் அண்ணாச்சி?" என்பதுதான். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் டீசல் காருக்கே வெற்றி. ஒரே அளவுள்ள காரில் பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், டீசல் எஞ்சின் 20 ஓடும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காலையில் சாவியைத் திருகினால் அந்த எஞ்சின் எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடப்போகிறது?

இங்கே காருக்கு வாய்க்கிற அன்றாடம் இரண்டு வகை. ஒன்று ஊருக்குள் சுற்றுவது. பெருமாள்புரத்தில் கிளம்பி, பாளையங்கோட்டையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு வேலையை முடித்து, 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து ஜங்ஷன் போய், 1973-இல் கட்டிய ஈரடுக்கு மேம்பாலம் ஏறி டவுன் ரதவீதியில் வண்டியை நிறுத்துவது. ஒவ்வொரு ஓட்டமும் நாலைந்து கிலோமீட்டர்தான். நடுவில் அரைமணி, ஒருமணி நேரம் எஞ்சின் அணைந்து ஆறிவிடும்.

இன்னொன்று தாமிரபரணியோடு ஓடுவது. மேற்கே பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று பாபநாசம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கிழக்கே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். அம்பையில் வீடும் நெல்லையில் வேலையுமாக இருப்பவரின் எஞ்சின் போகும்போது ஒருமணி நேரம், வரும்போது ஒருமணி நேரம் விடாமல் ஓடுகிறது. இந்த இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது. அதற்கான காரணம் எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை நெருக்கினால் சூடேறும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சின் இந்த ஒன்றையே நம்பியது. இன்றைய டீசல் கார் எஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிக் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் தேவையில்லை. பெட்ரோலை அந்த அளவுக்கு நெருக்கினால் வேளை வருமுன் வெடித்து எஞ்சினைத் தட்டும். அதனால் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் பத்து, பதினொன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகின்றன. அதிகம் நெருக்கப்பட்டது அதிகம் விரியும். விரியும்போது பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுகிற வெப்பமும் அதிகம். டீசலின் சிக்கனத்துக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நெரிசலில்தான் தெரியும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தே எரிய வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. மெதுவாகப் போக எரிபொருளைக் குறைத்தால் காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காக த்ராட்டில் என்கிற மூடி பாதிக்குமேல் மூடிக்கொள்ள, பிஸ்டன் மூச்சுத்திணறியபடி காற்றை இழுக்கிறது. அதில் வீணாகும் சக்தி நம் பணம். டீசலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. காற்றைத் தாராளமாக இழுத்துக்கொண்டு, டீசலை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

மைலேஜ் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலான ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கூடுதல் என்பதில் ஒரு பகுதி எஞ்சினின் திறமை, ஒரு பகுதி எரிபொருளின் கனம். எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ, டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ.

இந்தச் சிக்கனக் குணமே ஊருக்குள் ஓடும் டீசல் காருக்கு வினையாகிறது. வெப்பத்தை வீணாக்காத எஞ்சினின் புகை குளிர்ந்திருக்கும். அதிகப்படியான காற்று அதை மேலும் குளிர்விக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது டீசல் புகையின் சூடு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முன்பு அது ஒரு பிரச்சினையே இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் கக்கலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கும், துகள்களின் வரம்பு 25-லிருந்து 4.5-க்கும் இறங்கின. அந்தத் துகளைப் பிடிப்பதற்காக வந்ததுதான் மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்று சொல்கிற வடிகட்டி.

நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டை அது. புகைக்கரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை எங்கே கொட்டுவது? அங்கேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. 200 டிகிரிப் புகையால் அது ஆகாது. ஆகவே சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை காரின் கணினி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சிப் புகையைச் சூடாக்குகிறது. ரீஜெனரேஷன் என்று இதற்குப் பெயர். பத்திலிருந்து இருபது நிமிடம் வண்டி ஓரளவு சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வேலை முடியும். பாதியில் பள்ளி வாசல் வந்து எஞ்சினை அணைத்தால் அரைகுறையாக நிற்கும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அப்படி வீணான டீசலில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போய், டிப்ஸ்டிக்கில் அளவு கூடித் தெரியும். ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படக் கூடாத இடம் அது. கடைசியில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி வேகமெடுக்க மறுக்கும்.

"ஹைவேயில ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க அண்ணாச்சி, சரியாப் போயிரும்" என்று மெக்கானிக் சொல்வது வெறும் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில் ஒரு கியரைக் குறைத்து, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் நாங்குநேரி வரை போய் வந்தால், வடிகட்டி அடைபடும் கட்டத்தைத் தாண்டியிராதவரை சுத்தமாகிவிடும். ஆனால் ஊருக்குள் மிச்சம் பிடித்ததை அந்த ஓட்டத்தில் செலவழிக்கிறோம். அதே வண்டி தினமும் பாபநாசம் போய்வந்தால் இந்த விளக்கையே பார்க்காமல் பல வருடம் ஓடும்.

வேறு சிலர் காட்டும் குறுக்குவழி உண்டு. வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றிவிடுவது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. பாளையங்கோட்டை பள்ளிகளின் ஊர். காலை எட்டரை மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து போகும் பிள்ளைகளின் மூக்கு, காரின் புகைக்குழாயிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. நம் வண்டியின் விளக்கு அணைய வேண்டும் என்பதற்காக அவர்கள் நெஞ்சில் கரியை இறக்க நமக்கு உரிமை கிடையாது.

பெட்ரோல் காரிலும் குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். முதல் ஓரிரு நிமிடம் மாசும் அதிகம் வரும். ஆனால் அதன் புகை சூடானது. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக்குத் தேவையான 300 டிகிரிச் சூடு சீக்கிரமே வந்துவிடும். ஜங்ஷன் வந்து சேர்வதற்குள் அது வேலையைத் தொடங்கியிருக்கும்.

இனிப் பணக் கணக்கு. 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஏறியபோது, டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் டீசல் ஆனது அந்தக் காலத்தில்தான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியை மூன்று ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சுக்குப் பின் நெடுநாள் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாய்ச் சொச்சத்திலும் நின்றன. இடைவெளி எட்டு ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020-இல் மாருதி சுஸுகி டீசல் கார் தயாரிப்பதையே விட்டுவிட்டது.

இந்த விலைகளில் 15, 20 என்ற மைலேஜை வைத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 6 ரூபாய் 73 காசு, டீசல் 4 ரூபாய் 60 காசு. மிச்சம் இரண்டு ரூபாய்ச் சொச்சம். டீசல் காருக்கு ஒன்றேகால் லட்சம் கூடுதலாகக் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய 59,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஊருக்குள் ஞாயிறு தவிர தினம் 15 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று வருடம். அம்பையிலிருந்து தினமும் வந்துபோகிறவருக்கு இரண்டரை வருடம் போதும். டீசலின் சர்வீஸ் செலவு சற்றுக் கூடுதல் என்பதால் இரண்டு கணக்கும் கொஞ்சம் நீளும்.

பெட்ரோல் பக்கமும் ஒரு கணக்கு மாறியிருக்கிறது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று அரசின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. 15 ஓடிய கார் 14 ஓடினால், டீசல் பணத்தை மீட்கும் தூரம் சுமார் 48,000 கிலோமீட்டராகக் குறைகிறது. ஊருக்குள் சுற்றுகிறவருக்கு அப்போதும் பத்து வருடத்துக்கு மேல்.

எரிபொருளைப் பார்த்து வண்டியை மாற்றுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. திருக்குறுங்குடியில் பிறந்த, டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் பேருந்துகள் நின்றபோது, கரியை எரித்து எரிவாயு உண்டாக்கும் கருவியைத் தயாரித்து வண்டிகளில் பூட்டினார். வண்டி ஓட வேண்டிய வேலையைப் பார்த்துத்தான் அன்று எரிபொருள் தேர்வானது.

ஏற்றத்தில் டீசலின் இழுவைக்கு இணை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் 1,500 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தந்துவிடும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றுக்குப் போனாலும் அதில் பாதியைத் தொடாது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக அடிக்கடி மலையேறுகிறவருக்கு இது பெரிய விஷயம். வருடத்துக்கு ஒருமுறை குற்றாலத்துக்குப் போகிறவருக்கு இதற்காக டீசல் வேண்டாம்.

டீசல் தோற்கிற இடத்தில் ஜெயிப்பது மின்சாரக் கார். அதற்குச் சூடாக வேண்டிய எஞ்சினும் இல்லை, அடைபடும் வடிகட்டியும் இல்லை. பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறந்தாயிற்று. வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்து, ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிறவர்கள் பெட்ரோலா டீசலா என்ற கேள்வியையே விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்க்கலாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. "குறைஞ்ச கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டாக்டர் வண்டி" என்று பி.எஸ்.6 டீசல் காரைக் காட்டினால், அந்தக் குறைந்த கிலோமீட்டர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடியதா என்று முதலில் கேளுங்கள். 80,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் வடிகட்டி, 20,000 கிலோமீட்டர் தெருவுக்குள் ஓடிய வண்டியின் வடிகட்டியைவிட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், பெரும்பாலான கார்களில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசி ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீட்டருக்கு முன் நடந்தது என்று திரையில் வரும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் உங்கள் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள்.