ஏர்பேக்கை எண்ணி கார் வாங்கலாமா?

ஐந்தாறு லட்ச ரூபாயில் சின்னக் கார் தேடிப் போகிறவரிடம் முன்பெல்லாம் விற்பனையாளர் முதலில் எடுத்துவிடுவது மைலேஜ் கணக்கைத்தான். இப்போது அதற்கும் முன்னால் இன்னொரு வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது: "ஆறு ஏர்பேக் சார், பேஸ் மாடல்லயே வருது." பொய்யில்லை. 2023-இல் ஹூண்டாய் எக்ஸ்டர் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக்குடன் வந்தது. 2025-இல் மாருதி தன் ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர் வண்டிகளிலும் அதை அடிப்படை வசதியாக்கியது. பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு ஏர்பேக் வேண்டுமென்றாலும் டாப் எண்ட் வாங்க வேண்டியிருந்த நாட்டில் இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு என்ற எண் விலைப்பட்டியலில் பளிச்சென்று தெரிவதாலேயே வாங்குகிறவர் அதோடு திருப்திப்பட்டுவிடுகிறார். உயிரைக் காப்பதில் முதல் பங்கு அந்தப் பைகளுக்கு இல்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டுக்கு. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கை அந்தக் கூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கான முதல் சான்று 2014 ஜனவரியில் கிடைத்தது. குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் பிரபலமான ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டில் வாங்கி மோதிப் பார்த்தது: ஆல்டோ 800, நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்ஜியம். செய்தித்தாள்கள் பூஜ்ஜியத்தோடு நின்றுவிட்டன. அறிக்கையின் சாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. போலோவும் ஃபிகோவும் மோதலில் கூடு குலையாமல் நின்றன. மற்ற மூன்றும் உருக்குலைந்தன. அவற்றில் ஏர்பேக் பொருத்தினாலும் பெரிய பயன் இருக்காது என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். போலோவில் இரண்டு ஏர்பேக் போட்டு மறுபடி மோதியபோது பூஜ்ஜியம் நான்கு நட்சத்திரமானது. ஆக, ஏர்பேக் வேலை செய்யும். ஆனால் அது வேலை செய்ய இடம் கொடுக்கும் கூடு முதலில் வேண்டும். அதே வருடம் சென்னை ஒரகடத்தில் தயாரான டாட்சன் கோ வண்டிக்கும் இதே தீர்ப்பு வந்தது. 2016-இல் அதே ஆலையின் ரெனோ க்விட், ஏர்பேக் உள்ள வேரியன்ட்டிலும் பூஜ்ஜியம்தான் வாங்கியது. பிரேசிலில் தயாரிக்கப்பட்ட க்விட்டோ கூட்டைப் பலப்படுத்தி, நான்கு ஏர்பேக்குடன் வந்து, 2017-இல் லத்தீன் அமெரிக்கச் சோதனையில் மூன்று நட்சத்திரம் பெற்றது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, உள்ளிருக்கும் இரும்பு வேறு.

மோதும் நேரத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். பானெட் பகுதி மடங்கி நசுங்குவது குறையல்ல. மோதலின் வேகத்தை விழுங்குவதற்காகவே அதை அப்படி அமைக்கிறார்கள். ஆட்கள் உட்காரும் அறை மட்டும் நசுங்கக் கூடாது. முன் கண்ணாடியின் இரு ஓரமும் இறங்கும் தூண் வளைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பின்னால் தள்ளப்படும், கால் வைக்கும் தளம் கிழிந்து பிரேக் பெடல் கணுக்காலை நொறுக்கும். விரிந்த ஏர்பேக்கில் நெஞ்சு சரியாக வந்து பதிய வேண்டுமென்றால் ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சோதனை அறிக்கைகளில் கூடு 'நிலையானது', 'நிலையற்றது' என்று குறிப்பது இதைத்தான். நிலையற்றது என்றால், இதற்கு மேல் கொஞ்சம் பலமாக இடித்தாலும் அறை தாங்காது என்று பொருள். ஷோரூமில் சிலர் கதவைச் சாத்தி 'டப்' என்ற சத்தத்தைக் கேட்டும், பானெட்டை விரல் முட்டியால் தட்டியும் பலத்தை அளக்கிறார்கள். அவர்கள் தட்டுவது வெளித்தகடு. பலம் அதற்குள் மறைந்திருக்கும் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும், அவற்றுக்குப் பயன்படுத்திய எஃகின் தரத்திலும் இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்க வழியில்லை, மோதித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கும் கூட்டுக்கும் உள்ள பங்கைப் பிரித்துக் காட்டும் அருமையான ஆதாரம் 2025-இல் இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் கிடைத்தது. மாருதி பலேனோவை இரண்டு ஏர்பேக்கோடும் ஆறு ஏர்பேக்கோடும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 32-க்கு முன்னது 24.04, பின்னது 26.52. இரண்டுமே நான்கு நட்சத்திரம். கூடுதல் நான்கு பைகள் கொண்டுவந்தது இரண்டரைப் புள்ளி. டாடா ஆல்ட்ரோஸ் 2020-இல் அன்றைய விதிகளின்படி இரண்டே ஏர்பேக்குடன் ஐந்து நட்சத்திரம் வாங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்த இரண்டரைப் புள்ளியை நான் அற்பம் என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் கம்பத்திலோ புளியமரத்திலோ மோதினால் தலைக்கும் மரத்துக்கும் நடுவே நிற்பது ஜன்னலோரம் விரியும் திரை ஏர்பேக் ஒன்றுதான். அது வேண்டியதே. ஆனால் அது கட்டடத்தின் மேல்மாடி.

இப்போது வேகன்ஆரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த விவாதத்தில் மிகவும் சங்கடப்படுத்தும் வண்டி அதுதான். பயன்பாட்டில் அதற்கு ஈடு சொல்வது கடினம். உயரம் 1,675 மில்லிமீட்டர் என்பதால் முழங்கால் வலி உள்ள அம்மா குனியாமல், பள்ளத்தில் இறங்குவது போல இறங்காமல், நாற்காலியில் உட்காருவது போல ஏறிக்கொள்ளலாம். அகலம் 1,620 மட்டுமே, ஆகவே இரண்டு பைக் நிற்கும் தெருவிலும் நுழையும். டிக்கி 341 லிட்டர். இந்த விலையில் வேறு எதிலும் சுலபத்தில் கிடைக்காது. (சிஎன்ஜி எடுத்தால் சிலிண்டர் வந்து அந்த டிக்கியை விழுங்கிவிடும்; டாடா போல இரண்டு சிறு சிலிண்டர்களைத் தளத்துக்கு அடியில் படுக்க வைக்கும் ஏற்பாடு இதில் இல்லை.) இவ்வளவு நல்ல வண்டி 2019-இல் குளோபல் என்கேப் சோதனையில் இரண்டு நட்சத்திரம், 2023-இல் ஒரு நட்சத்திரம். நடுவில் வண்டி மோசமாகவில்லை, விதிகள் கடுமையாயின. ஆனால் கூடு நிலையற்றது என்ற குறிப்பு அப்படியே இருந்தது. அதைவிடச் சின்னதும் மலிவானதுமான ஆல்டோ கே10-இன் கூடு அதே 2023 சுற்றில் நிலையாக நின்றது, இரண்டு நட்சத்திரம் பெற்றது. சின்ன வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அந்தச் சோதனைக்குப் பிறகு வேகன்ஆரில் ஏர்பேக் ஆறாகியிருக்கிறது. பை சேர்ந்ததால் மட்டும் கூடு பலப்பட்டுவிடாது.

சரி, பலமான கூட்டுக்கு எவ்வளவு அதிகம் கொடுக்க வேண்டும்? 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிய பிறகு வேகன்ஆர் சுமார் ஐந்து லட்சத்திலும், பலேனோ சுமார் ஆறு லட்சத்திலும், ஆல்ட்ரோஸ் அதற்குச் சற்று மேலேயும் தொடங்கின. பேஸ் மாடலுக்கு பேஸ் மாடல் என்றால் வித்தியாசம் ஒரு லட்சம். ஆனால் பெரும்பாலோர் பேஸ் மாடலோடு நிற்பதில்லை. தொடுதிரை, அலாய் வீல், இரட்டை வண்ணம் என்று ஏறி வேகன்ஆரின் மேல் வேரியன்ட்டுக்குப் போனால் ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது பலேனோவின் பேஸ் மாடல் விலை. எரிபொருளையும் பார்த்துவிடலாம். நிறுவனக் கணக்கில் வேகன்ஆர் 1.0 லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், பலேனோ 22.35. சாலையில் இரண்டும் கால்வாசி குறையும் என்று வைத்து வருடம் பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பெருக்கினால் வித்தியாசம் ஐம்பது லிட்டர், ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய், மாதம் நானூறு. 1000 சிசிக்கு மேல் போவதால் புதுக் காருக்கான மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 6,521 ரூபாயிலிருந்து 10,640 ஆகும். தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான வண்டிக்குச் சாலை வரியே 13 சதவீதம் என்னும்போது இந்த நாலாயிரம் கண்ணில் படாது. உட்காரும் உயரத்தில் மட்டும் பலேனோ தோற்கிறது; முதியவர் உள்ள வீட்டில் அது சின்னக் குறை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே எழும் எதிர்வாதங்களில் கனமானது, மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா பல வருடங்களாகச் சொல்லிவருவது. பாதுகாப்பு விதிகளால் சின்னக் காரின் விலை ஏறினால், இரண்டு சக்கர வண்டியில் குடும்பத்தோடு போகிறவர் காருக்கு மாற முடியாமல் அங்கேயே நின்றுவிடுவார். அது இன்னும் ஆபத்து என்கிறார். அந்த ஆபத்து கற்பனையல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். பைக்கில் நான்கு பேராகப் போவதோடு ஒப்பிட்டால் ஒரு நட்சத்திரக் காரும் மேல்தான். கையில் மூன்றரை, நாலு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லாதவருக்கு இந்தக் கட்டுரையின் அறிவுரை பொருந்தாது; அவர் கிடைக்கிற காரை வாங்கட்டும். ஆனால் ஆறு லட்சத்தோடு ஷோரூமுக்குள் நிற்பவர் முன்னால் இருப்பது பைக்கா காரா என்ற கேள்வி அல்ல. இந்தக் காரா அந்தக் காரா என்பது. அவருக்கு அந்த வாதத்தைச் சொல்வது பேச்சை மாற்றுவது. தவிர, 2018-இல் ஸ்விஃப்ட் இரண்டு நட்சத்திரம் பெற்றது. அதன் உறவுக்காரியான டிசையர் 2024-இல் குளோபல் என்கேப்பில் ஐந்து பெற்றது. நினைத்தால் நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும் விலையிலும் முடியும் என்றுதானே அர்த்தம்?

"ஊருக்குள் நாற்பதில்தான் ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு நட்சத்திரம்" என்பவர் பொங்கலுக்கு அதே வண்டியில்தான் நாற்கரச் சாலையில் ஊருக்குப் போகிறார். நட்சத்திரத்துக்காக 64 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்த வண்டி லாரியில் மோதினால் காப்பாற்றுமா என்று கேட்பவரின் சந்தேகம் நியாயமானது. காப்பாற்றும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை; ஏறத்தாழ அதே எடையுள்ள இன்னொரு காரோடு நேருக்கு நேர் மோதுவதற்குச் சமமான சோதனை அது. ஆனால் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் முன்பக்க மோதல் சோதனை 56 கிலோமீட்டரில் நடப்பது. எட்டு கிலோமீட்டர்தான் குறைவு என்றாலும் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 64-இல் அது முப்பது சதவீதம் அதிகம். பூஜ்ஜிய நட்சத்திர வண்டியும் சட்டப்படி சாலைக்கு வருவது இந்த இடைவெளியில்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் இந்த 64-ஐ இந்தியாவுக்கே கொண்டுவந்தது, ஆனால் கட்டாயமல்ல. சோதனைக்கு வராத மாடலைப் பார்த்தால் ஏன் வரவில்லை என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

பலமான கூடு மட்டும் போதாதா என்ற கேள்விக்கு 2022 செப்டம்பர் 4 பதில் சொல்லும். மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரில். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. அந்த வருடம் பெல்ட் போடாமல் இறந்த 16,715 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓட்டுநர் அல்லர், உடன் வந்தவர்கள். பெல்ட் இல்லாத உடம்பைக் கூடும் காக்காது, பையும் காக்காது. குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காருகிறோமே, அது இன்னும் மோசம்: விரியும் ஏர்பேக் அந்தப் பிஞ்சுக் கழுத்தின் மீதுதான் முதலில் மோதும். ஆல்டோ கே10, வேகன்ஆர் இரண்டுமே 2023-இல் குழந்தைகள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் பெற்றவை. ஷோரூமில் பின் இருக்கையில் உட்கார்ந்து, சாயும் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். குழந்தை இருக்கையைப் பூட்டும் இரும்பு வளையம் விரலில் தட்டுப்பட வேண்டும். நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டுமா, தோளிலிருந்து வரும் மூன்று முனை பெல்ட்டா என்றும் இழுத்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும், ஏபிஎஸ் அதே வருடம் ஏப்ரலிலிருந்தும் கட்டாயம். முன் பயணி ஏர்பேக் எல்லா மாடல்களுக்கும் வந்து முடிந்தது 2021 கடைசியில். அதற்கு முந்தைய பேஸ் மாடல் ஹேட்ச்பேக்குகளில் பலவற்றில் ஒன்றுமே இருக்காது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதத்தைப் பார்த்து, அந்த வேரியன்ட்டில் என்ன கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போக வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கைக் கவனிக்க வேண்டும். சில வினாடி எரிந்து அணைந்தால் சரி. அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லையென்றால், எப்போதோ விபத்தில் விரிந்துபோன பைக்குப் பதிலாக வெறும் மூடியை ஒட்டி விளக்கின் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். நல்ல மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.