தொப்பிக்கு 9 மார்க்கு!

இரண்டு கையில் எந்தக் கையையும் தலைவரை உயர்த்தி ஒரு தொப்பியை எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லையா? போடு 9 மார்க்கு! கோட்டின் மேல்பைக்குக்கூடக் கை எழவில்லையா? போடு 15! கீழே கிடக்கும் ஒரு பவுன் காசை எந்தக் கையாலும் எடுக்க முடியவில்லையா? அதற்கும் 15. பேனா பிடிக்க முடியவில்லை என்கிறாயா? 9 போதும், போ!

பள்ளிக்கூடத்துப் பரீட்சை அல்ல, தோழர்களே! உழைத்து உழைத்து எலும்பு தேய்ந்தவன், விபத்தில் சிக்கி முடமானவன், மனம் நொந்து படுக்கையை விட்டு எழமுடியாதவன் — இவர்களை நிறுத்தி வைத்து, "நீ நோயாளிதானா? நிரூபி!" என்று கேட்பதற்காக 2008 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் கொண்டுவந்த வேலைத்திறன் சோதனை இது. மொத்தம் 15 மார்க்கு வாங்கினால் உதவித்தொகை உண்டு. குறைந்தால், சில விதிவிலக்குகள் தவிர, இல்லை. ஆகவே தொப்பி வைக்கக் கை எழாதவன், வேறு குறை எதுவும் இல்லையென்றால், பரீட்சையிலே தேறமாட்டான். அதாவது, வேலைக்குத் தேறிவிட்டான்!

இதைக் கொண்டுவந்தது கன்சர்வேடிவ் கட்சி என்று எண்ணிவிடாதீர்கள். தொழிலாளர் கட்சியின் ஆட்சி கொண்டுவந்தது. 2010-ல் வந்த கூட்டணி ஆட்சி அதை விரிவாக்கி, பழைய உதவித்தொகை பெற்றுவந்தவர்களையும் மறுபடி வரிசையிலே நிறுத்தியது. வறுமை என்னும் அரக்கனை ஒழிக்க வழி இதுவென்று 1942-ல் பிவரிட்ஜ் அறிக்கை எழுதிய நாடு அது!

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பணம் வாங்குபவன், ஏழையின் பங்கைத்தான் திருடுகிறான். கேட்கட்டும், கணக்கு. நாம் கேட்பது வேறு. ஏழையைச் சோதிக்க இத்தனை கண்கள் வைத்தார்களே, சோதிக்கிறவனைச் சோதிக்க எத்தனை கண் வைத்தார்கள்?

சோதனை செய்தது சர்க்கார் ஆஸ்பத்திரி அல்ல. பிரான்சு நாட்டு ஆட்டோஸ் கம்பெனியிடம் கான்ட்ராக்ட். 2011-12 ஆண்டில் மட்டும் 7 லட்சத்து 38 ஆயிரம் சோதனைகள்; அதற்குக் கூலி 11 கோடியே 24 லட்சம் பவுன். (நகைக்கடைப் பவுன் அல்ல, அந்த நாட்டு நாணயம்.) கம்பெனி சோதித்து அறிக்கை தரும், வேலை–ஓய்வூதியத் துறையின் அதிகாரி அதைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவார். தீர்ப்புத் தவறென்றால் டிரிப்யூனலுக்குப் போகலாம். போனார்கள், ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். 2013 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு தந்த அறிக்கை என்ன சொல்லிற்று? டிரிப்யூனலுக்குப் போன வழக்குகளில் 100-க்கு 38-ல் துறையின் முடிவு தலைகீழானது! கம்பெனி சொல்வதைத் துறை அப்படியே ஏற்றுக்கொள்கிறது, எதிர்த்துக் கேட்கத் தயங்குகிறது என்றும் குழு கடிந்துகொண்டது.

அந்தக் குழுவைப்பற்றி ஒரு வார்த்தை. 1861 முதல் இருந்துவருவது. செலவழித்த ஒவ்வொரு காசும் ஒழுங்காகச் செலவாயிற்றா என்று பார்ப்பதே அதன் வேலை. தலைமை நாற்காலி எதிர்க்கட்சிக்காரருக்கு, இது மரபு. நமது டெல்லிப் பார்லிமெண்டிலும் 1967 முதல் அந்த மரபு உண்டு. தணிக்கை அலுவலகம் தோண்டித் தரும்; குழு அதிகாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. அந்தக் குழு இல்லாவிட்டால் இந்த 38-ஐ ஊருக்குச் சொல்ல ஆள் ஏது?

ஆனால், சொன்ன பிறகு நடந்ததைக் கேளுங்கள். 100-க்கு 38 தவறென்றால், நாமாக இருந்தால் என்ன செய்வோம்? தவறு செய்கிற இடத்தைத் திருத்துவோம். அவர்கள், தவறைக் காட்டிக்கொடுத்த இடத்துக்கு வேலி போட்டார்கள்! 2013 ஏப்ரலில், இத்தகைய டிரிப்யூனல் வழக்குகளுக்குக் கிடைத்துவந்த சர்க்கார் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு விதி: நேரே டிரிப்யூனலுக்குப் போகாதே, முதலில் துறையிடமே மறுபரிசீலனை கேள், அது முடிந்த பிறகு போ. மறுபரிசீலனை முடியும்வரை அந்த உதவித்தொகை கிடையாது. எத்தனை நாளில் முடிக்கவேண்டும்? துறைக்கு அப்படியொரு கெடுவே விதிக்கவில்லை! வாடகை மட்டும் கெடு தவறாமல் வந்து நின்றது. வழக்குகள் மளமளவென்று சரிந்தன. நியாயம் பெருகியதால் சரிந்தனவா, வயிறு காய்ந்ததால் சரிந்தனவா? இந்த வேலி இந்த உதவித்தொகை விஷயத்தில் சட்டத்துக்குப் புறம்பானது என்று லண்டன் உயர்நீதிமன்றம் சொன்னது 2020 ஜூலையில். ஏறத்தாழ 7 ஆண்டுகள் கழித்து!

நோயாளி பக்கம் இப்படி. வேலைக்கு அனுப்பும் பக்கம்? 2011 ஜூனில் ஒரு பெரிய வேலைத்திட்டம் வந்தது. அதுவும் தனியார் கம்பெனிகளிடமே. ஆளை வேலையில் சேர்த்து, அவன் நிலைத்தால்தான் முழுப் பணம் என்றார்கள். காகிதத்திலே அழகான ஏற்பாடு. காசு எளிதாக வரும் ஆளைக் கவனி, கடினமான ஆளை ஓரமாக உட்காரவை என்று கம்பெனிக்குத் தோன்றாதா? முதல் 14 மாதத்தில் நிலையான வேலை பெற்றவர்கள் 100-க்கு 3.6 பேர். துறை எதிர்பார்த்ததோ 11.9. இதையும் பொதுக் கணக்குக் குழுதான் 2013-ல் எடுத்துச் சொன்னது.

அதே 2013-ல் நீதிமன்றம் ஒரு குட்டு வைத்தது. கூலியில்லா வேலைத்திட்டங்களை எதிர்த்து ஒரு பட்டதாரிப் பெண்ணும் வேலையிழந்த ஒரு லாரி டிரைவரும் வழக்காடினார்கள். திட்டத்தின் விதிகள் செல்லாது என்று அப்பீல் கோர்ட்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. உதவித்தொகையை வெட்டியது தவறென்றால், வெட்டிய பணத்தைத் திருப்பவேண்டும். சுமார் 13 கோடி பவுன் என்று சர்க்காரே கணக்கிட்டது. திருப்பினார்களா? மார்ச் மாதமே புதுச்சட்டம் வந்தது — முன்தேதியிட்டு! நேற்றுச் செய்த தவறு, இன்று போட்ட சட்டத்தால் நேற்றே சரியாகிவிட்டதாம்! தொழிலாளர் கட்சித் தலைமை எதிர்த்து ஓட்டுப் போட்டதா? இல்லை. ஒதுங்கி உட்கார்ந்தது. கட்டளையை மீறி எதிர்த்தவர்கள் அந்தக் கட்சியில் ஒரு பகுதியினரே. இருபக்க நாற்காலிகளும் ஒத்துப்போய்விட்டால், கண்காணிக்கிற மன்றமே காப்பாற்றுகிற மன்றமாகிவிடுகிறது.

ஆட்டோஸ் கெட்டபெயரோடு கான்ட்ராக்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு போனது. 2015 மார்ச்சில் அமெரிக்க மேக்ஸிமஸ் கம்பெனி வந்தது. சோதனை ஒன்றுக்கு முன்பு ஆன செலவு 115 பவுன். இனி 190 ஆகும் என்று தணிக்கை அலுவலகம் 2016 ஜனவரியில் சொல்லிற்று. சிக்கனத்தின் பெயரால் வந்த சோதனை! அதே மேக்ஸிமசிடம் 2015-ல் இன்னொன்றும் போய்ச் சேர்ந்தது: ரெம்ப்ளாய். போரிலும் சுரங்கத்திலும் ஊனமுற்றவர்களுக்கு வேலை தர 1944-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிறந்த சர்க்கார் நிறுவனம் அது. முதல் தொழிற்சாலை 1946-ல் வேல்ஸ் நாட்டுப் பிரிட்ஜெண்டில். கடைசித் தொழிற்சாலைகளை 2013-ல் மூடினார்கள். தனித் தொழிற்சாலையில் ஒதுக்கிவைப்பதைவிட எல்லோரோடும் சேர்ந்து உழைக்க உதவுவதே மேல் என்ற வாதத்தை நாம் தள்ளவில்லை. ஆனால் மூடுவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, திறந்த கதவு எங்கே என்று அங்கிருந்து வெளியேறிய தொழிலாளி கேட்டான்.

இப்போது கணக்கேட்டின் இன்னொரு பக்கம். நோயாளிக்குத் தவறாகக் கூடக் கொடுத்துவிட்டால் துறை விடாது, திருப்பிக் கேட்கும். தவறாகக் குறைத்துக் கொடுத்தால்? 2011 முதல் பழைய உதவியிலிருந்து புதியதற்கு மாற்றியபோது சுமார் 70,000 பேருக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டதாக 2018 மார்ச்சில் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது. சராசரி பாக்கி 5,000 பவுன். துறை என்ன சொன்னது? 2014 அக்டோபருக்குப் பிந்திய பாக்கியை மட்டும் தருவேன் என்றது! ஒரு தொண்டு நிறுவனம் கோர்ட்டுப் படியேறிய பிறகே, முழுவதும் தருவதாக ஜூலையில் இறங்கிவந்தது.

பணம் போனால் திருப்பலாம். 2015 ஆகஸ்டில், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பலர் மல்லுக்கட்டிய பிறகு, துறை ஒரு எண்ணை வெளியிட்டது. "நீ வேலைக்குத் தகுதியானவன்" என்று தீர்ப்புப் பெற்று உதவித்தொகை முடிந்தவர்களில், 2011 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை 2,380 பேர் இறந்துவிட்டார்கள். தீர்ப்பால்தான் இறந்தார்கள் என்று இந்த எண் நிரூபிக்காது என்றது துறை. சரி, நிரூபிக்காது, நாமும் அப்படிச் சொல்லமாட்டோம். எதனால் இறந்தார்கள் என்று துறைதானே தேடியிருக்கவேண்டும்? 2020 பிப்ரவரியில் தணிக்கை அலுவலகம் வேறொன்றைக் கண்டது: உதவி பெறுவோரின் தற்கொலைகளில் 2014-15 முதல் 69-ஐத் துறை உள்ளுக்குள் விசாரித்திருக்கிறது. உண்மைத் தொகை அதைவிட அதிகமாகவே இருக்கும் என்றது அலுவலகம். அந்த விசாரணைகளில் எழுதிய யோசனைகள் நிறைவேறினவா? கவனித்து வைத்தவர் எவருமில்லை! தொப்பிக்கு 9, பேனாவுக்கு 9, காசுக்கு 15 என்று எண்ணத் தெரிந்த துறை அது. ஆள் செத்தால் எண்ணத் தெரியவில்லை.

சர்க்காருக்குக் கண் இல்லை என்று நாம் சொல்லவில்லை. காசு போகும் வழியில் கண் இருந்தது. உயிர் போகும் வழியில் இல்லை. அந்த வழியில் விளக்குப் பிடித்தவர்கள் நோயாளிகள், அவர்களது சங்கங்கள், சக்கர நாற்காலியில் தெருவுக்கு வந்தவர்கள்.

அந்தக் கூட்டம் ஓயவில்லை. 2025-ல் தொழிலாளர் கட்சி ஆட்சியே மாற்றுத்திறனாளிகளின் உதவியை இறுக்க மசோதா கொண்டுவந்தபோது, அக்கட்சியின் 120-க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஜூலை 1-ம் தேதி, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, தனிநபர் உதவித்தொகையை இறுக்கும் பிரிவை அமைச்சர் விலக்கிக்கொண்டார். மற்றொரு வெட்டு நிலைத்தது: 2026 ஏப்ரல் முதல் நோயின் பொருட்டுப் புதிதாகக் கூடுதல் தொகை கேட்போரில் பெரும்பாலோருக்கு, வாரம் 97 பவுனுக்குப் பதில் 50 என்று சட்டமாயிற்று. விலக்கிய பிரிவை ஆராயும் பொறுப்பு ஸ்டீபன் டிம்ஸ் என்ற அமைச்சரிடம் போயிற்று. மாற்றுத்திறனாளிகளோடு உட்கார்ந்தே அதை ஆராய்வோம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருக்கிறது.